மூன்று தாழ்ப்பாள்

"இந்த வரிய எழுதினது நீதானம்மா?" என்று கேட்டார் தாடிக்காரர்.

மேடையில் நின்ற எட்டாம் வகுப்புப் பெண் திரையை அண்ணாந்து பார்த்தாள். உதடு அசைய ஒருமுறை வாசித்தாள். பிறகு மைக்குக்கு எட்டுவதற்காகக் குதிகாலைத் தூக்கி, ஒரு துளியும் தயங்காமல் சொன்னாள்.

"இல்ல சார். இது நான் எழுதினது இல்ல."

 அறுபது பள்ளிகளிலிருந்து வந்து, பன்னிரண்டு பேராகச் சலிக்கப்பட்டு, அந்தப் பன்னிரண்டில் மூன்று பேருக்கு மட்டும் ஒரு வருடப் பயிற்சியும் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு லேப்டாப்பும் என்று அறிவித்திருந்த போட்டி. அதில் ஒரு பெண் தன் வாயாலேயே தன் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டாள். தாடிக்காரர்தான் தலைமை நடுவர். பக்கத்தில் இருந்த இரண்டு நடுவர்களையும் பார்த்து, 'நான் சொன்னேன் இல்லையா' என்பதுபோல ஒரு புருவத்தை உயர்த்தினார்.

"அதான் பாத்தேன். எட்டாங்கிளாஸ் பொண்ணு எழுதற மாதிரி இல்லயேன்னு."

மூன்றாவது வரிசையில் இருந்த பிழைக்காரிக்கு உச்சந்தலை சூடேறியது.

பிழைக்காரி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். மற்றவர்கள் புரோகிராம் எழுதுவார்கள். அது எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. பத்து வருடமாக அதே வேலை. ஹோட்டலில் பில் வந்தால் கூட்டல் சரிபார்ப்பாள். அறிவிப்புப் பலகையைக் கடந்தால் நின்று கால்புள்ளி தேடுவாள். "உன்னைக் கட்டிக்கிட்டதே ஒரு பரீட்சை, இன்னும் ரிசல்ட் வரல" என்று கணவன் வாரத்துக்கு ஒருமுறை சொல்வான். அவள் சிரிக்க மாட்டாள். அந்த வாக்கியத்திலும் ஒரு ஓட்டையைக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவள், நாலு மாதத்துக்கு முன்னால் கம்பெனியில் சேவைப் பிரிவுக்கு ஆள் கேட்டபோது கையைத் தூக்கினாள். அரசுப் பெண்கள் பள்ளி. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம். சிறுமிகளுக்குக் கோடிங் கற்றுத்தர வேண்டும். சம்பளம் கிடையாது, டீ உண்டு என்றார்கள். முதல் சனிக்கிழமை டீயும் வரவில்லை.

கம்ப்யூட்டர் லேப் என்று பலகை மாட்டிய அறையில் இருபது மெஷின்கள் இருந்தன. இருபதுக்கும் தைத்துப் போட்ட துணி உறை. உறைக்கு மேல் பிளாஸ்டிக் கவர். கவருக்கு மேல் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. வாங்கி மூன்று வருடம் ஆகிறதாம். திறப்பு விழா அன்று போட்டோவுக்காக நான்கு மெஷின்களை ஓட்டியிருக்கிறார்கள். அதன்பின் தொடவில்லை. "பிள்ளைங்க கை பட்டா கெட்டுப்போயிரும் மேடம், அப்புறம் ஆடிட்ல யாரு பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியை. பூட்டிவைத்தால் கெடாது, ஆனால் கற்றுக்கொடுத்ததாகக் கணக்கில் இருக்கும். பிழைக்காரி அன்று பல்லைக் கடித்துக்கொண்டு தன் துப்பட்டாவாலேயே ஏழு மெஷின்களைத் துடைத்தாள். ஏழில் ஐந்து ஓடின. ஐந்துக்குப் பதினான்கு பெண்கள்.

அந்தப் பதினான்கில் ஒருத்திதான் அரைப்பென்சில். உயரமும் அப்படி, கையில் எப்போதும் இருப்பதும் அதுதான். கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சிலால் நோட்டில் முதலில் முழுவதையும் எழுதிவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பாள். மற்றவர்கள் திரையில் பூனையை நடக்கவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், இது வரிசையில நிக்கறவங்கள எண்ணுமா?"

எந்த வரிசை என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தபடி சொன்னாள். கழிப்பறை வரிசை.

பள்ளியில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள். கழிப்பறை ஆறு. ஒன்றில் உடைந்த பெஞ்சு. ஒன்றில் தண்ணீர் இல்லை. ஒன்று ஆசிரியைகளுக்கு, பூட்டு போட்டது. மிச்சம் மூன்று. இடைவேளை பதினைந்து நிமிஷம். மணி அடித்ததும் பெரிய வகுப்புக்காரிகள் ஓடிப்போய் நின்றுகொள்வார்கள். ஆறாம் வகுப்புக் குட்டிகளுக்கு முறை வருவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். அதனால் பாதிப்பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அரைப்பென்சில் அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் குழாயடிச் சுவரின் மேல் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிஷம் என்று பென்சிலால் குறித்திருந்தாள். எந்த வகுப்பை எந்த நிமிஷத்தில் வெளியே விட்டால் வரிசை நீளாது என்று சொல்லும் புரோகிராம். அதுதான் அவள் எழுத நினைத்தது. எழுதியும் விட்டாள்.

போட்டிக்கு அனுப்பலாம் என்று பிழைக்காரி சொன்னபோது தலைமையாசிரியைக்கு முகம் சுண்டிப்போனது. ஊரெல்லாம் பிள்ளைகள் ராக்கெட் விடுகிறார்கள், நம் பிள்ளை கக்கூஸைத் தூக்கிக்கொண்டு போவதா என்றார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று பதினொரு நாள் இழுத்தடித்தார். கடைசியில், தலைப்பில் அந்த வார்த்தை வரக்கூடாது என்ற நிபந்தனையோடு, கடைசித் தேதியான வெள்ளிக்கிழமை காலையில்தான் கையெழுத்து விழுந்தது. 'இடைவேளை நேர ஒழுங்கு' என்று தலைப்பு மாறியது. பள்ளியில் இணைய வசதி கிடையாது. பிழைக்காரி அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஆட்டோவை நிறுத்தி, கேட்டருகே ஓடிவந்த அரைப்பென்சிலிடம் பென் டிரைவை வாங்கிக்கொண்டாள். மதிய உணவு நேரத்தில் அலுவலக லேப்டாப்பிலிருந்து போட்டிக்கு அனுப்பினாள்.

இப்போது அரங்கத்தில் இந்தத் தாடிக் கிழவர், எட்டாங்கிளாஸ் பொண்ணு எழுதற மாதிரி இல்லை என்கிறார்.

பிழைக்காரி எழுந்துவிட்டாள். நாற்காலிகளுக்கு நடுவே இருந்த முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சொல்லவேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றது. சற்று முன்னால் ஒரு பெரிய தனியார் பள்ளிப் பையன் விண்வெளிக் குப்பையைத் தேடிப்பிடிக்கும் புரோகிராம் என்று ஒன்றைக் காட்டிவிட்டுப் போனான். நடுவர் கேள்வி கேட்கும்போதெல்லாம் முதல் வரிசையில் இருந்த அவன் அப்பாவின் உதடு அசைந்தது. ஒரு நொடி கழித்துப் பையனின் உதடு அசைந்தது. அதே தாடிக்காரர் அவனிடம், "வெரி குட், ஃப்யூச்சர் சயின்டிஸ்ட்" என்றார். நீதான் எழுதினாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பூட்ஸ் போட்டிருந்தான். இவள் ரப்பர் செருப்பு. கேள்வி செருப்பைப் பார்த்துத்தான் வரும்போலிருக்கிறது. கேட்டுவிடுவோம் இன்றைக்கு.

மேடைக்கு ஆறடி இருக்கும்போது தாடிக்காரர், "கொஞ்சம் மேல போங்க, ஃபைலோட ஆரம்பத்தைக் காட்டுங்க" என்று திரைக்கான கம்ப்யூட்டரை இயக்குபவரிடம் சொன்னார்.

திரை நகர்ந்தது. உச்சியில் நான்கு வரிகள். முதல் வரியில் பிழைக்காரியின் கம்பெனிப் பெயர், முழு உரிமையும் தங்களுக்கே என்ற அறிவிப்போடு. மூன்றாவது வரியில் தேதி, போன வெள்ளிக்கிழமை. நான்காவதில் நேரம், மதியம் ஒன்று நாற்பது. நடுவில், இரண்டாவது வரியில், எழுதியவர் என்று போட்டு, முன்னெழுத்தோடு, ஒரு முழ உயர எழுத்தில், அவள் பெயர்.

பிழைக்காரி நின்ற இடத்தில் நின்றாள்.

அலுவலக லேப்டாப்பில் எந்த ஃபைலைத் திறந்து சேமித்தாலும் அந்த நான்கு வரிகள் தானாகத் தலையில் வந்து உட்காரும். கம்பெனி ஏற்பாடு. ஒருநாளைக்கு இருபது தடவை அது அவள் கண்முன் நடக்கும். தன் மூக்கு தன் கண்ணுக்குத் தெரியாமலிருப்பதுபோல, அது அவளுக்குத் தெரியாமலாகி எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனால் சும்மா திறந்து பார்த்து அனுப்பியிருந்தால் அது வந்திருக்காது. சேமித்தால்தான் வரும். ஏன் சேமித்தாள்?

எதையோ மாற்றினாள். அதனால் சேமித்தாள்.

ஞாபகம் வந்தது. ஒரு கையில் ஸ்பூன். மறு கை விசைப்பலகையில். புரோகிராமின் நடுவில், சற்றுமுன் திரையில் காட்டிய அதே வரியில், வெளியே வரும் பெண்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கியிருந்தது. நாற்பது பேர் வகுப்பில் பத்துப் பேர் போனால், இது இருபது என்கிறது. ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள் பிள்ளை. புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. பாவம், இதனால் மார்க் போய்விடுமே. பெருக்கல் குறியையும் இரண்டையும் அழித்தாள். ஓட்டிப் பார்த்தாள். வரிசை எங்குமே நான்கு பேரைத் தாண்டவில்லை. அழகாக இருந்தது. அனுப்பிவிட்டு மீதிச் சாப்பாட்டை முடித்தாள். மறுநாள் சனிக்கிழமை பிள்ளையிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். சனிக்கிழமை அலுவலகத்தில் அவசர வேலை. பள்ளிக்குப் போகவே இல்லை. அப்புறம் அது மறந்தும் போனது.

"இதுல போட்டிருக்கற பேர் யாரோடது?" தாடிக்காரர் மைக்கில் கேட்டார்.

"என்னோடது" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னாள். தான் தன்னார்வலர் என்றும், அனுப்பும்போது ஒரே ஒரு வரியை மட்டும் தொட்டதாகவும், மற்றதெல்லாம் இந்தப் பெண்ணே எழுதியது என்றும் விளக்கினாள். சொல்லச் சொல்ல அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. பிடிபட்டவர்கள் எல்லோரும் ஒரே ஒரு வரி என்றுதான் சொல்வார்கள்.

தாடிக்காரர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. உங்கள் நல்ல மனசு புரிகிறது, ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற துடிப்பு புரிகிறது, ஆனால் அதற்காகப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கலாமா என்றார். நல்லவேளை, பிள்ளையாவது உண்மையைச் சொன்னாளே என்று அரைப்பென்சிலின் தலையைத் தட்டிக்கொடுத்தார். பட்டியலில் அவளுடைய பெயரின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடுத்த பள்ளியைக் கூப்பிட்டார்கள்.

அரங்கத்துக்கு வெளியே நீண்ட நடைவழி. ஓரத்தில் தண்ணீர்க் கேன், கவிழ்த்த டம்ளர்கள், யாரோ மறந்துபோன அட்டையில் செய்த ராக்கெட். அரைப்பென்சிலின் அம்மா அங்கே நின்றிருந்தாள். துணி மில்லில் இஸ்திரி போடுகிறவள். அரைநாள் லீவு கேட்டு முழுநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். விரல்களில் பழைய சூட்டுத் தழும்புகள். மகள் வந்ததும் அவள் தோளில் இருந்த பையை மட்டும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பிழைக்காரி குனிந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு. பத்து வருடப் பழக்கம்.

"ஏன்டா அங்க ரெண்டால பெருக்கின? ஒரு ஆள் போனா ஒரு ஆள்தானே?"

அரைப்பென்சில் நிமிர்ந்தாள். அதுவரை கலங்காத கண் இப்போதுதான் கலங்கியது. அழுகையால் அல்ல, கோபத்தால்.

"கதவுல தாழ்ப்பாள் இல்ல மிஸ். மூணுலயும் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவப் புடிச்சுக்கணும். அதனால யாரும் தனியா போக மாட்டாங்க, ரெண்டு ரெண்டு பேராத்தான் போவாங்க. ஒருத்தி வந்ததும், துணைக்கு வந்து புடிச்சுக்கிட்டு நின்னவளும் உள்ள போவா. பத்துப் பேருக்கு அவசரம்னா இருபது பேர் வரிசையில நிப்பாங்க. அதுனால ரெண்டு." நிறுத்தினாள். "நாலு மாசமா வர்றீங்க. எங்க பாத்ரூமுக்கு ஒரு தடவகூட நீங்க போனதில்லயா?"

போனதில்லை. முதல் நாளே அவளுக்கு ஆசிரியைகள் அறையின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே சோப்பும் இருந்தது.

"புதன்கிழமதான் மிஸ் கடைசிப் பகுதி எழுதினேன். எந்த வகுப்ப எப்ப விட்டாலும் வரிசை எட்டுக்குக் கீழ வரவே இல்ல. அப்புறம் ரெண்ட எடுத்துட்டுப் பாத்தேன். நாலு வந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சுது. நேரத்த மாத்தவே வேணாம். மூணு தாழ்ப்பாள் போட்டா போதும். அதச் சொல்லத்தான் வந்தேன். மேடையில ஓட்டுனா முதல்லயே நாலுன்னு காட்டுது. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு காட்டுது."

 ஒன்பது நாள் அந்தப் பெண் சுவர்மேல் உட்கார்ந்து கண்டுபிடித்த பிழையை, ஒரு ஸ்பூன் சாதத்துக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் நடுவில் பிழைக்காரி திருத்திவிட்டாள். இனி அந்தப் பள்ளியில் ஒரு குறையும் இல்லை. தலைமையாசிரியைக்குக் காட்டினால் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்.

"எதுக்கு மிஸ் தொட்டீங்க? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அம்மா நம்பர் உங்ககிட்ட இருக்கு."

பிழைக்காரியிடம் இருந்த ஒரே பதில், கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை என்பது. உடன் வேலை செய்கிறவர்களின் புரோகிராமில் ஒரு புள்ளியைத் தொடுவதற்கும் அவர்களிடம் மூன்று கடிதம் எழுதிக் கேட்கிறவள் அவள்.

அம்மா குறுக்கிட்டாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"விடுங்க மேடம். எங்களுக்கு ஒத்தாசை பண்றவங்க எல்லாருமே இப்படித்தான். கேட்டதுக்கு மேல கொஞ்சம் கூடவே பண்ணிருவாங்க." மகளைப் பார்த்தாள். "வா, மூணு மணி பஸ் போயிரும்."

நாலு எட்டு போயிருப்பார்கள். பிழைக்காரிக்குள் இருந்த சூடு, அதுவரை தாடிக்காரர்மேலும் தலைமையாசிரியைமேலும் முதல் வரிசை அப்பாமேலும் பரவிக்கிடந்துவிட்டு, இப்போது திரும்பி அவள்மேலேயே வந்து குவிந்தது. அங்கிருந்து அது அவளைப் பிடித்துத் தள்ளியது. கைப்பையைத் திறந்து, போட்டியின் விதிமுறைத் தாளை எடுத்தாள். எட்டுப் பக்கம். பங்கெடுத்த அறுபது பள்ளிகளில் அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். அதிலும் மூன்று பிழைகளை வட்டமிட்டு வைத்திருந்தாள்.

"நில்லுங்க" என்றாள். பிறகு, நாலு மாதத்தில் முதல்முறையாக, அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "பதினோராவது விதி ஒண்ணு இருக்கு. சந்தேகம் வந்தா நடுவர் முன்னாடியே மறுபடி எழுதிக் காட்டலாம், முடிவு சொல்றதுக்கு முன்னாடி. நான் போய்க் கேக்கட்டுமா? நீ வேண்டாம்னா கேக்கல."

அரைப்பென்சில் தாளை வாங்கிப் படித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. தாளைத் திருப்பிக் கொடுக்காமல் மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீங்க வேணாம். நான் கேக்கறேன்."

உள்ளே பன்னிரண்டாவது பள்ளி முடிந்து, நடுவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டுக்கு எழுந்திருந்தார்கள். சின்ன உருவம் ஒன்று மேடைக்கு முன்னால் வந்து நின்றது. தாளை நீட்டியது. தாடிக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். இப்படி ஒரு விதியை யார் எழுதினார்கள் என்று பக்கத்தில் கேட்டார். நீங்கள்தான் சார் எழுதினீர்கள் என்று பதில் வந்தது.

"சரி. இருபது நிமிஷம். மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து எழுதணும். முடியுமா உன்னால?"

"முடியும் சார். ஆனா என்ன மட்டும் எழுதச் சொல்லாதீங்க. மேடைக்கு வந்த எல்லாரையும் சொல்லுங்க."

முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. விண்வெளிக் குப்பையின் அப்பா எழுந்து, யாரோ ஒருவர் செய்த தப்புக்கு மற்றப் பிள்ளைகளை ஏன் சிரமப்படுத்தவேண்டும் என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. அரங்கத்தில் ஏசி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"மத்தவங்க மேல சந்தேகம் வரலயேம்மா" என்றார் தாடிக்காரர், பொறுமையாக.

"அதான் சார் கேக்கறேன். ஏன் வரல?"

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. தாடிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் செருப்பைப் பார்த்தார். அதைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் சட்டென்று கைக்கடிகாரத்துக்குக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்கள் விஷயத்தை நடுவர்கள் கலந்துபேச வேண்டும் என்றார். நீ இப்போது எழுதுவதாக இருந்தால் எழுது, நேரம் போகிறது என்றார். ஒரு நடுவர் மட்டும், பதினோராவது விதியைத் தானும் ஒருமுறை படிக்கவேண்டும் என்று தாளை வாங்கிக்கொண்டார்.

அரைப்பென்சில் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நாற்காலி உயரம், கால் தரையைத் தொடவில்லை. பிழைக்காரி மேடைக்குக் கீழே, அவள் விரல்கள் தெரிகிற தூரத்தில் நின்றாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்து, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு கதவோரத்திலேயே, இரண்டு பேருடைய பைகளோடும் நின்றுகொண்டாள்.

பெரிய திரையில் புரோகிராமின் கடைசி வரி தெரிந்தது. அரைப்பென்சில் அழிக்கும் பொத்தானில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள்; எடுக்கவில்லை. வரிகள் கீழிருந்து மேலாக மறைய ஆரம்பித்தன. மூன்று கழிப்பறைகளும் போயின. எட்டாம் வகுப்பு போனது, ஏழு போனது, ஆறாம் வகுப்புக் குட்டிகள் போனார்கள். குழாயடிச் சுவரில் எண்ணிய நிமிஷங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவள் எழுதியது எல்லாம் போய், வெள்ளைத் திரையின் உச்சியில் அந்த நான்கு வரிகள் மட்டும் மிஞ்சின. நேரம் அழிந்தது. தேதி அழிந்தது. இப்போது விளிம்பில், கம்பெனியின் பெயருக்குக் கீழே, பிழைக்காரியின் பெயர் மட்டும் ஒரு முழ உயரத்தில் நின்றது. கடைசி எழுத்திலிருந்து அது ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தது. விரல் பொத்தானை விட்டு எழவில்லை.